தலையணை உறையின் ஈரம்: மூளைச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் கிருமித்தொற்றைக் கவனிப்பது எப்படி?

போன ஆடி மாதம் ஒரு பின்னேரம். கச்சான் காற்று வீடு முழுக்கப் புழுதியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. திருகோணமலை, பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிற அக்கா போன் எடுத்தார்.

"தங்கச்சி, இவருக்குக் காய்ச்சல் ஒண்டும் இல்லை. சாப்பிடுறார். ஆனா மூண்டு நாளா விடிய எழும்பேக்க தலையணை உறை நனைஞ்சு கிடக்கு. வேர்வை எண்டுதான் நினைச்சன்."

"எந்தப் பக்கம் அக்கா? தையல் இருக்கிற பக்கமா?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "ஓம், அந்தப் பக்கம் மட்டும்தான்" என்றார்.

அவருடைய கணவருக்குப் பின்மண்டையில் இருந்த கட்டியைக் கொழும்பில் எடுத்து அன்றைக்குப் பதின்மூன்றாம் நாள். கட்டி புற்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வேர்வை என்றால் தலையணை முழுக்க நனையும், காய்ந்தால் உப்புப் பூத்த கோடு தெரியும், மணமும் இருக்கும். இது தெளிந்த தண்ணீர், ஒரே இடத்தில், ஒவ்வொரு நாளும். அன்று இரவே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

நான் தாதியாக வேலை செய்தவள். அதில் பல வருடங்கள் மூளைச் சத்திரசிகிச்சை வார்ட்டில். ஊரோடு வந்து இருந்த பிறகு இப்படியான போன்கள் அடிக்கடி வருகின்றன. கேட்கிற எல்லோரிடமும் ஒரு குறையைப் பார்க்கிறேன்: ஒபரேஷன் என்றால் என்ன என்று தெரிந்து வருகிறார்கள், அதற்குப் பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் வருகிறார்கள். பிழை அவர்களுடையது இல்லை. டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருக்கும், கட்டிலடியில் சொன்னது பாதி சிங்களத்தில் இருக்கும், பஸ் ஏறும் அவசரத்தில் மீதியும் மறந்துபோகும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த டொக்டர் சாமுவேல் கிறீனின் மண்ணுக்குச் சொந்தக்காரர் நாங்கள். வீட்டுக்காரருக்கு விளங்குகிற தமிழில் இதை ஒருதரம் எழுதி வைக்க வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

மூளை ஏன் வேறு மாதிரி?

கையில் ஒரு புண் வந்து கிருமி பிடித்தால் உடம்பு உடனே சண்டைக்கு நிற்கும். சிவக்கும், வீங்கும், சீழ் (எங்கள் பக்கத்தில் சிதல் என்போம்) கட்டும். மூளை அப்படி இல்லை. மண்டையோட்டுக்கு உள்ளே மூளையை மூன்று உறைகள் சுற்றியிருக்கின்றன. உறைகளுக்கிடையிலும் மூளைக்குள் இருக்கும் அறைகளிலும் ஒரு தெளிந்த நீர் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் அதை மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று படித்திருப்போம். நான் மூளைநீர் என்றே சொல்கிறேன். வளர்ந்த ஒருவரிடம் ஒரு நேரத்தில் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் இருக்கும். ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கும். அதாவது நாளொன்றுக்கு மூன்று தடவைக்கு மேல் பழையது போய்ப் புதியது வருகிறது.

எங்கள் உட்துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் தரை சூழ்ந்து, வாய் மட்டும் ஒடுங்கியது. புயல் உள்ளே வராது, அதனால்தான் போர்த்துக்கேயரில் இருந்து ஆங்கிலேயர் வரை அதற்கு அடிபட்டார்கள். மூளையும் அப்படியான ஒரு துறை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது, கண்டது நிண்டதெல்லாம் உள்ளே போக முடியாது. கிருமி போவது கஷ்டம். ஆனால் ஒருதரம் கிருமி உள்ளே போய்விட்டால் அதே தடுப்பு எங்களுக்கு எதிராக நிற்கிறது: வெள்ளையணுக்கள் அங்கே மிகக் குறைவு, நோயெதிர்ப்புப் புரதங்களும் குறைவு, நாங்கள் கொடுக்கிற மருந்திலும் ஒரு பங்குதான் உள்ளே போய்ச் சேரும்.

சத்திரசிகிச்சை என்பது அந்தத் துறையின் மதிலை வேண்டுமென்றே திறப்பது. திறந்து, வேலையை முடித்து, உறையைத் தைத்து, எலும்பை வைத்து, தோலை மூடுகிறார்கள். தோலில் வெட்டு விழுவதற்கு முந்திய ஒரு மணிநேரத்துக்குள் அன்டிபயோட்டிக் ஊசி ஒன்று போடுவார்கள். தலைமயிரைச் சவர அலகால் வழிக்காமல் கிளிப்பரால் வெட்டுவதும் தோலில் கீறல் விழுந்து கிருமி குடியேறக்கூடாது என்பதற்குத்தான். இவ்வளவு செய்தும் சிலருக்குத் தொற்று வரும். நேரம் எடுத்த சத்திரசிகிச்சை, விபத்தில் அவசரமாகச் செய்தது, இரண்டாம் தரம் திறந்தது, சீனி வருத்தம், மூக்கு வழியாகச் செய்த ஒபரேஷன், தலையில் குழாய் வைத்திருப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது மூளைநீர் ஒழுகுவதற்கு. அக்காவின் தலையணை உறையில் இருந்தது அதுதான். நீர் வெளியே வரும் வழி இருந்தால் கிருமி உள்ளே போகவும் வழி இருக்கிறது. பின்மண்டை ஒபரேஷனில் தையல் வழியாகக் கசியும். மண்டையின் அடிப்பகுதி உடைந்தவர்களுக்கும் மூக்கு வழியாகச் செய்தவர்களுக்கும் மூக்கால் சொட்டும், முன்னுக்குக் குனிந்தால் கூடும். சிலர் தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்பார்கள். வீட்டில் தடிமன் என்று நினைத்து ஆவி பிடிப்பார்கள். சளி பட்ட லேஞ்சி காய்ந்தால் விறைக்கும், மூளைநீர் பட்டது காய்ந்தாலும் மெதுவாகவே இருக்கும் என்பது பழைய வார்ட் அறிவு. அது சந்தேகப்பட உதவும், முடிவு ஆய்வுகூடத்தில்தான். மூக்கில் பஞ்சு அடைக்க வேண்டாம், பலமாகச் சீற வேண்டாம், போய்க் காட்டுங்கள்.

எந்தக் கிருமி?

ஊரில் இன்னொரு பயம் இருக்கிறது. "மெனிஞ்சைற்றிஸ்" என்ற சொல்லைக் கேட்டதும் அயலவர் பிள்ளைகளை அந்த வீட்டுக்கு விடமாட்டார்கள். அக்காவுக்கும் இது நடந்தது. சனத்திடையே தொற்றித் திரியும் மூளையுறைக் காய்ச்சல் வேறு, சத்திரசிகிச்சைக்குப் பின் வருவது வேறு. பின்னதில் பெரும்பாலும் காரணமாக இருப்பது எங்கள் தோலிலேயே வாழும் ஸ்டஃபிலோகொக்கஸ் வகைப் பற்றீரியாக்கள். மற்றது வைத்தியசாலைச் சூழலில் ஊறிப்போன அசினெற்றோபக்டர், சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்றவை. முற்றத்தில் நின்று நலம் விசாரிக்கும் ஒருவருக்கு அவை தாவி மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கப் போவதில்லை. ஆனால் வார்ட்டில் ஒரு கட்டிலில் இருந்து அடுத்த கட்டிலுக்குக் கையோடு போகும். அதனால்தான் நோயாளியைத் தொட முன்னும் பின்னும் கை கழுவச் சொல்கிறோம்.

தொற்று தங்கும் இடமும் ஒன்றில்லை. தோலோடு நின்றால் அது காயத்தொற்று. எலும்புக்குப் போகலாம். மூளையுறைகளைப் பிடிக்கலாம், மூளைக்குள் இருக்கும் நீரறைகளைப் பிடிக்கலாம், மூளையின் உள்ளேயே சீழ்க்கட்டியாகத் திரளலாம். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் தலைகாட்டும். எலும்பில் பிடித்தது சில மாதம் கழித்தும் வரலாம், ஆகவே "ஒரு மாதம் தாண்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று சொல்ல முடியாது.

நேற்றும் இன்றும்

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது உண்மையில் இதுதான். இந்தத் தொற்றை ஒரே ஒரு பரிசோதனையில், ஒரே ஒரு எண்ணில் பிடிப்பது அரிது. நேற்றோடு இன்றை ஒப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒபரேஷன் செய்தவருக்குத் தலையிடி இருக்கும், அது வெட்டிய தலை. கழுத்துப் பிடிக்கும், உறைக்குள் இரத்தம் பட்டிருக்கும். காய்ச்சலும் வரலாம், சளியால், சிறுநீர்க் குழாயால், கால் நாளத்தில் இரத்தம் உறைவதால். ஆக, மூளையுறைத் தொற்றின் அடையாளங்கள் என்று புத்தகம் சொல்கிற மூன்றும் தொற்று இல்லாமலே இருக்கக்கூடும். மறுபக்கம், உண்மையான தொற்று இருக்கிற பலருக்குக் கழுத்து விறைப்பதே இல்லை. வீக்கம் குறையக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் காய்ச்சலை அமுக்கிவிடும். ஆறு மணிக்கொருதரம் பனடோல் கொடுத்தால் அதுவும் மறைக்கும்.

அப்போ எதைப் பார்ப்பது? வார்ட்டில் நாங்கள் முதலில் பார்ப்பது ஆளின் உணர்வை. 1974-இல் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜெனெட் என்ற இரண்டு வைத்தியர்கள் ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள், உலகம் முழுக்க இன்றைக்கும் அதுதான். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. மொத்தம் 15, ஆகக் குறைந்தது 3. மணிக்கொருதரம் கட்டிலடிக்குப் போவேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். கண்ணைத் திறக்கிறாரா? "இப்ப எங்க இருக்கிறீங்க?" என்று கேட்பேன். "ஆஸ்பத்திரியில" என்றால் 5. "வள்ளத்தில" என்றால், வசனம் சரியாக இருந்தாலும் ஆள் குழம்பியிருக்கிறார், 4. கையை இறுக்கிப் பிடித்து விடச் சொல்வேன். டோர்ச் அடித்துக் கண்ணின் பாவையைப் பார்ப்பேன், இரண்டும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று. 15 என்பது நல்ல எண்தான். ஆனால் 15-இல் இருந்து 13-க்கு இறங்கியவரைப் பற்றி இரவு இரண்டு மணிக்கும் டொக்டரை எழுப்புவோம். மூன்று நாளாக 13-இல் நிற்பவருக்கு அந்த ஓட்டம் இல்லை. எண்ணைவிட அது போகும் திசைதான் எங்களை ஓட வைக்கும்.

வீட்டுக்காரருக்கு இதில் எங்களைவிடக் கூர்மை உண்டு. அந்த அண்ணை வைத்தியசாலையில் சேர்ந்த இரவு அவருடைய எண் 15. கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அக்கா மட்டும் வார்ட் மிஸியிடம் சொல்லியிருக்கிறார், "இவர் வழக்கமா ரேடியோச் செய்தி வந்தா ஒரு கருத்துச் சொல்லாம இருக்கமாட்டார். ரெண்டு நாளா வாயே திறக்கேல்லை." நல்ல மிஸி, அதை அப்படியே எழுதி வைத்தார்.

நாரியில் ஊசி

சந்தேகம் வந்தால் மூளைநீரை எடுத்துப் பார்க்க வேண்டும். நாரியில் ஊசி போட்டு எடுப்பார்கள். இதற்குச் சனம் படும் பயம் சொல்லி மாளாது: கால் வழங்காமல் போகும், ஆண்மை போகும், ஆள் எழும்பமாட்டார். 1891-இல் குவின்கே என்ற ஜெர்மன் வைத்தியர் செய்து காட்டிய முறை இது. முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் தண்டு, முதலாம், இரண்டாம் நாரி முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி போவது அதற்குக் கீழே, மெல்லிய நரம்புகள் நீரில் மிதக்கும் இடத்தில். ஊசி வந்தால் அவை விலகிக் கொடுக்கும். பிறகு ஒன்றிரண்டு நாள் தலையிடி இருக்கலாம். உண்மையான ஆபத்து வேறொன்று. மூளைக்குள் சீழ்க்கட்டியோ வீக்கமோ இருந்து அழுத்தம் கூடியிருந்தால் கீழே நீர் எடுப்பது மூளையைக் கீழ்நோக்கி இழுத்துவிடும். அதனால்தான் முதலில் ஸ்கேன், பிறகு ஊசி. ஸ்கேனுக்குத் தாமதமாகிறது என்று கோபப்படாதீர்கள்.

எடுத்த நீர் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மைக்ரோலீற்றரில் வெள்ளையணு 5-க்கு மேல் இருக்காது. அதிலுள்ள சீனி, அதே நேரத்து இரத்தச் சீனியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். பற்றீரியா வந்தால் வெள்ளையணு ஏறும், புரதம் ஏறும், சீனி இறங்கும். சரி, சுலபம்தானே என்று தோன்றும். ஒபரேஷன் செய்தவரில் அது சுலபம் இல்லை. நீரில் இரத்தம் கலந்தாலே வெள்ளையணுவும் கூட வரும், ஏறத்தாழ 500 முதல் 700 சிவப்பணுவுக்கு ஒன்று என்ற கணக்கில். இரத்தமே மூளையுறைக்கு எரிச்சல் கொடுத்துக் கிருமி இல்லாத ஒரு அழற்சியையும் உண்டாக்கும். ஆக 200 வெள்ளையணு என்ற முடிவு வந்தால் அது கிருமியா, இரத்தமா? இங்கேதான் திரும்பவும் நேற்றும் இன்றும். சிவப்பணு குறைந்துகொண்டு போக வெள்ளையணு மட்டும் ஏறினால் கிருமி என்று நினைக்க வேண்டும். லக்ரேற் என்று இன்னொன்று பார்ப்பார்கள், அது லீற்றருக்கு 4 மில்லிமோலைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும்.

கிருமியின் பெயரைச் சொல்வது கல்ச்சர். நீரை ஊட்டத்தில் வைத்து வளர்த்துப் பார்ப்பது. இரண்டு மூன்று நாள் எடுக்கும். மெதுவாக வளரும் சில தோல் பற்றீரியாக்களுக்குப் பத்து நாள் வரை வைத்திருக்க வேண்டும். "இவ்வளவு நாளா றிப்போட் வரேல்லை" என்றால் சில வேளை அது நல்ல ஆய்வுகூடத்தின் அடையாளம்.

அந்த அண்ணையின் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. வெள்ளையணு ஏறியிருந்தது, சீனி இறங்கியிருந்தது, கிருமி மட்டும் பிடிபடவில்லை. பிறகுதான் தெரியவந்தது: இரண்டு நாளுக்கு முன்னமே உடம்பு சரியில்லை என்று ஒரு மருந்துக் கடையில் துண்டில்லாமல் அமொக்சிசிலின் வாங்கிக் குடித்திருக்கிறார். நல்ல மனதோடு, பக்கத்து வீட்டுத் தம்பி வாங்கிக் கொடுத்தது. அந்த நாலைந்து குளிசை மூளைக்குள் இருக்கும் தொற்றை மாற்றப் போதாது. ஆனால் ஆய்வுகூடத்துக் கண்ணாடியில் கிருமி வளராமல் தடுக்கப் போதும். எதிரி உள்ளே இருக்கிறான், முகம் மட்டும் தெரியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கிடந்து அடிக்கும். தலையில் ஒபரேஷன் செய்தவருக்கு வைத்தியர் சொல்லாமல் ஒரு அன்டிபயோட்டிக் குளிசைகூடக் கொடுக்க வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மருந்து ஏறும் நாட்கள்

கல்ச்சர் வரும்வரை காத்திருக்க முடியாது, மணித்தியாலங்களே பெரிது. நீரையும் இரத்தத்தையும் எடுத்த கையோடு, இருக்கக்கூடிய கிருமிகள் எல்லாவற்றையும் பிடிக்கிற மாதிரி மருந்து தொடங்குவார்கள். பொதுவாக இரண்டு: தோல் பற்றீரியாக்களுக்கு வன்கோமைசின், மற்றவற்றுக்கு மெரொப்பெனம் அல்லது செஃப்டசிடிம் போன்ற ஒன்று. நாளத்தில்தான் ஏற்றுவார்கள், அதுவும் பெரிய அளவில். மூளைத் தடுப்பைத் தாண்டுவது ஒரு பங்குதான் என்று முன்னே சொன்னேனே, அதற்குத்தான். "குளிசையாத் தாங்கோ, வீட்ட கொண்டு போறம்" என்பது இங்கே சரிவராது. கல்ச்சர் பெயர் சொன்னதும் அந்தக் கிருமிக்கு ஏற்ற மருந்தாக ஒடுக்குவார்கள். தோல் பற்றீரியாவுக்குப் பத்துப் பதினான்கு நாள், மற்ற வகைக்கு மூன்று வாரம் வரை, சீழ்க்கட்டி என்றால் ஆறு வாரம், எட்டு வாரம் என்று போகும். மூன்றாம் நாள் ஆள் எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்பார். அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் துண்டு வெட்டக் கேட்பார்கள். கேட்காதீர்கள்.

வன்கோமைசின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். அதனால் அடுத்த மருந்து ஏற்ற முன் இரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்ப்பார்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் பார்ப்பார்கள், சிறுநீரை அளப்பார்கள். போத்தலில் எவ்வளவு சிறுநீர் போனது என்று உங்களிடம் கேட்பது இதற்காகத்தான். வன்கோமைசின் ஒரு மணிநேரத்துக்கு மேல் மெதுவாக ஏற வேண்டிய மருந்து. சக்கரத்தைத் திருப்பி வேகமாக்கினால் முகமும் கழுத்தும் சிவந்து கடிக்கும். "கெதியா முடிஞ்சா நித்திரை கொள்ளலாம்" என்று ட்ரிப்பைத் தொட வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. மூளை ஒபரேஷன் செய்த பலர் வலிப்புக்கு வல்ப்ரோயேற் குடிக்கிறார்கள். மெரொப்பெனம் தொடங்கினால் இரத்தத்தில் வல்ப்ரோயேற்றின் அளவு ஓரிரு நாளில் தடாலென்று விழுந்துவிடும். குளிசையைக் கூட்டிக் கொடுத்தாலும் சரிவராது. வலிப்பு வரும், தொற்று மோசமாகிவிட்டது என்று எல்லோரும் பதறுவோம். வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றினால் தடுக்கலாம். ஒரு வைத்தியசாலையில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இப்படியான விஷயம் நழுவும். ஆகவே குடிக்கிற குளிசைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் கட்டில் மேல் கொட்டிக் காட்டுங்கள்.

மருந்து மட்டும் போதாத இடங்களும் உண்டு. ஒழுகும் ஓட்டையை அடைக்காமல் மருந்து ஏற்றுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது. அந்த அண்ணைக்குத் திரும்பத் திறந்து உறையைத் தைத்தார்கள், இரண்டாம் தரமும் கொழும்புக்கு அவ்வளவு தூரம், ஏறத்தாழ 260 கிலோமீற்றர், ஹபரணை, தம்புள்ளை வழியாக அம்புலன்ஸில். பெரிய சீழ்க்கட்டியை மண்டையில் சிறு துளை போட்டு உறிஞ்சி எடுப்பார்கள். தொற்றிய எலும்பை எடுத்துவிட்டால் பல மாதம் அந்த இடம் பள்ளமாக இருக்கும், எல்லாம் மாறிய பிறகுதான் மூடுவார்கள். மூளைநீரை வயிற்றுக்குக் கொண்டுபோகும் உட்குழாய் தொற்றினால் அதைக் கழற்றி, வெளிக்குழாய் வைத்து, நீர் சுத்தமான பிறகு புதிதாக வைப்பார்கள். அப்படிக் குழாய் உள்ளவருக்கு வயிற்று வலி வந்தாலும் தலையை நினைக்க வேண்டும்.

வெளிக்குழாயோடு இருப்பவரின் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு சொல். மூளைநீர் வடிகிற பையின் உயரம் நோயாளியின் காதின் மட்டத்தை வைத்து அளந்து கட்டியது. கட்டிலின் தலைப்பக்கத்தை நீங்களாக உயர்த்தினால் மூளைநீர் அளவுக்கு மேல் இறங்கிவிடும், அது உயிராபத்து. மிஸியைக் கூப்பிட்டால் குழாயைப் பூட்டி, உயர்த்தி, திரும்ப அளந்து திறப்பார். குழாயை அடிக்கடி கழற்றித் தொடுவதும் கிருமிக்கு வழிவிடும், அதனால் நாங்களே தேவையில்லாமல் தொடமாட்டோம்.

வீட்டில் ஒரு கொப்பி

பிள்ளைகளின் 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். காலையும் மாலையும் உடம்புச் சூடு, பனடோல் கொடுக்க முன் அளந்தது. 100.4 பாரன்ஹீற், அதாவது 38 செல்சியஸ், அதற்கு மேல் போனால் கோடு கீறி எழுதுங்கள். தையல்: காய்ந்திருக்கிறதா, சிவப்பா, உப்பலா, ஈரமா. தலையிடி நேற்றைவிடக் கூடவா குறைவா. சத்தி எடுத்தாரா. சாப்பாடு. பிறகு ஒரு வரி, ஆள் எப்படி என்று: "இன்றைக்குப் பேத்தியின் பெயர் மாறிச் சொன்னார்" என்பது மாதிரி. எனக்கு அந்த ஒரு வரி முழு அட்டவணையை விடப் பெறுமதி.

தையல் ஆறி டொக்டர் சொல்லும்வரை தலையில் எண்ணெய் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், உப்புவெளிக் கடலும் கன்னியா வெந்நீர்க் கிணறும் வேண்டாம். நேர்த்தி வைத்திருப்பீர்கள், கோணேசர் பொறுப்பார். பத்திரகாளி அம்மன் கோயில் திருநீற்றை நெற்றியில் பூசுங்கள், தையலில் படாமல். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது தலையைத் தடவுவது பற்றிக் கேட்பார்கள். காயத்துக்குச் சலுகை உண்டு, உங்கள் மௌலவியிடம் கேட்டால் விளக்கம் தருவார். கச்சான் அடிக்கிற மாதங்களில் வேர்வை தையலில் தேங்கும், சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தொட முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக்கூடாதவை சில: தையலில் இருந்தோ மூக்கில் இருந்தோ தெளிந்த நீர், குலைப்பனோடு காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் தலையிடி, வலிப்பு, எழுப்பினாலும் திரும்ப உறங்கிப் போவது, புதிதாகக் கை கால் சோர்வது, பேச்சுக் குழறுவது. 1990-க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வலிப்போடு இருப்பவரை த்ரீவீலரில் மடித்து ஏற்ற வேண்டாம். டயக்னோசிஸ் கார்ட், ஸ்கேன் படங்கள், குளிசைப் பை, கொப்பி, நனைந்த தலையணை உறை இருந்தால் அதுவும், ஒரு பையில் போட்டு எடுங்கள்.

வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் நிற்கும். அங்கே "காய்ச்சல்" என்று தொடங்கினால் காய்ச்சல்காரரின் வரிசையில் விடுவார்கள், "தலையிடி" என்றால் தலையிடிக்காரரின் வரிசையில். வாயைத் திறந்ததும் முதல் வசனமாக இதைச் சொல்லுங்கள்: "இவருக்குத் தலையில ஒபரேஷன் செய்து பதின்மூண்டு நாள்."